கல்வெட்டுக்கான ஒப்புதல்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு மோட்டார் போடுவார்கள். அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். இரண்டு டிரம்மையும் ஒரு பக்கெட்டையும் நிரப்பினேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றி, பொங்கும் வரை அடுப்புக்கு முன்னால் நின்றேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஷேவ் செய்தேன். தாடையில் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டேன். செய்தித்தாளில் ஒரு துணுக்கைக் கிழித்து ஒட்டினேன். அத்தையின் மாத்திரைகளை எடுத்து டப்பா மூடியில் வைத்தேன். ஒன்று சாப்பாட்டுக்கு முன், இரண்டு பின். மதியச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தேன். என் பங்கைக் கட்டிக்கொண்டேன், அத்தையின் பங்கை மூடி வைத்தேன்.

அத்தை என் மனைவியின் அம்மா. வேறு பிள்ளைகள் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்பு வந்த வெள்ளத்தில் என் மனைவி இறந்தபோது வெளியூரிலிருந்து ஒரு பையோடு வந்தார். பிறகு போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. மகளே இல்லாத மருமகன் வீட்டில் மாமியார் இருப்பதற்கு என்ன உறவு என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது அத்தை கேட்டார்.

“இன்னைக்குத்தான கல்லுக்கு எழுத்துக் குடுக்கறாங்க?”

“ஆமா அத்தை.”

“பிழை இல்லாமப் பாருங்க மாப்ள. பேப்பர்ல பிழை விட்டா மறுநாள் குப்பைக்குப் போயிடும். கல்லுல விட்டா காலத்துக்கும் பல்லிளிக்கும்.”

சரி என்றேன்.

நகராட்சியும் ஒரு நிவாரண அறக்கட்டளையும் சேர்ந்து பழைய பஸ் ஷெட் இருந்த இடத்தில் ஒரு நிவாரணக் கிடங்கு கட்டியிருக்கின்றன. அதற்கு என் மனைவியின் பெயர். வெள்ளிக்கிழமை திறப்பு. வாசலில் ஒரு கருங்கல். அதில் அவள் பெயர், அதற்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னது.

அவள் கடைசியாகச் சொன்னது எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிறுத்தங்களில் இருந்தது. ஆட்டோக்களின் முதுகில் இருந்தது. அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்: “எனக்கு வேண்டாம், மற்றவர்களுக்குக் கொடுங்கள்.” கீழே பணம் அனுப்ப வேண்டிய எண்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளம் வந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில், அறக்கட்டளையின் சட்டை போட்ட ஒரு பெண் என்னிடம் ஒரு படிவம் கொடுத்தாள். படம் போட்டுக்கொள்ளலாமா, விவரங்களைப் பயன்படுத்தலாமா என்றாள். கையெழுத்துப் போட்டேன். அவங்க கடைசியா என்ன சொன்னாங்க என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். இரண்டு வாரம் கழித்து விளம்பரம் வந்தது. முகாமில் யாரோ ஒரு பெண் தனக்கு வந்த போர்வையை வாங்க மறுத்து அப்படிச் சொன்னாளாம். எங்கேயோ இரண்டு தாள்கள் ஒன்றாகிவிட்டன. போய்த் திருத்தச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அன்று அத்தை அந்த விளம்பரம் வந்த பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “உங்ககிட்ட போன்ல இப்படித்தான் சொன்னாளா?” என்று கேட்டார். ஐந்து நாளாக அவர் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ஆமாம் என்றேன். அன்று சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் காகிதம் அவர் பர்ஸிலேயே இருக்கிறது. டாக்டர் வீட்டு வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். மடிப்பு கிழிந்து இரண்டு முறை டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. வருவாய்ப் பிரிவு, கணினி. வீட்டு வரி, தண்ணீர் வரி கட்டுகிறவர்களின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஹாலின் நடுவே இப்போது ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் அறக்கட்டளை. ஏசி அந்தப் பக்கம் மட்டும். எங்கள் பியூன் அங்கே ஃபைல் கொண்டுபோகும்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வார். கேட்டால், மலைக்குப் போகிறேன் என்பார்.

நகராட்சிக்கும் அறக்கட்டளைக்கும் போட்ட ஒப்பந்தத்தை அலுவலகத்தில் கல்யாணம் என்றுதான் சொல்வோம். வெள்ளம் வந்த அன்றைக்கே முகூர்த்தம் குறித்து, மேயர் அறையில் கையெழுத்தானது. நகராட்சி கையில் பணம் போனால் ஜனங்கள் கொடுக்கமாட்டார்கள். ஆகவே நன்கொடை அறக்கட்டளைக்குப் போகும். அறக்கட்டளைக்கு ஊர் தெரியாது. ஆகவே யாருக்கு என்ற பட்டியலை நகராட்சி தரும். எழுத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. நடப்பில், விடுபட்டவர் இந்தப் பக்கம் வந்தால் பட்டியல் போய்விட்டது என்போம். அந்தப் பக்கம் போனால் பட்டியல் வரவில்லை என்பார்கள்.

அன்று காலையும் ஒரு தையல்காரம்மா தடுப்பின் ஓரத்தில் நின்றிருந்தார். வெள்ளத்தில் மிஷின் போய்விட்டது. ஏழு மாதமாக வருகிறார். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“பட்டியல் போகுது வருதுங்கறீங்களே, நானே பட்டியலாப் போயி அங்க உக்காந்துக்கட்டுமா?”

பியூன் சிரித்தார். நான் அவருடைய மனு எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆறாவது முறை.

பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா, எங்கள் சூப்பிரண்டு, நான். ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறவர். மேஜை டிராயரில் தலைவலி மாத்திரை அட்டை அட்டையாக வைத்திருப்பார். சூப்பிரண்டுக்கு அலுவலகத்தில் ஒற்று சார் என்று பெயர். எந்தக் கடிதம் போனாலும் க், ச், த், ப் விட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். விஷயம் பிறகு.

கல்லுக்கான புரூஃபை மேஜையில் விரித்தார்கள். ஒற்று சார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். அடுத்த நொடி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“மற்றவர்களுக்குக் கொடுங்கள். நடுவுல க் எங்க?”

ஒருங்கிணைப்பாளர் சொன்னார், அது இறந்தவர் வாயால் சொன்னது, பேச்சில் சொன்னதற்கு இலக்கணம் பார்க்க வேண்டுமா என்று.

“பேச்சுன்னா ‘மத்தவங்களுக்குக் குடுங்க’ன்னு போடுங்கம்மா. அதுலயும் க் உண்டு.”

பிறகு, எழுத்து நடையா பேச்சு நடையா என்று பத்து நிமிஷம் பேசினார்கள். பேச்சு நடையில் போட்டால் உருக்கமாக இருக்கும், ஆனால் கல்லில் பார்க்க மட்டமாக இருக்கும். எழுத்து நடையில் போட்டால் மரியாதை, ஆனால் சாகப்போகிற பெண் இலக்கணமாகப் பேசுவாளா என்று ஜனங்கள் கேட்பார்கள். நீங்க என்ன சொல்றீங்க என்று ஒருங்கிணைப்பாளர் என்னைக் கேட்டார். க் போடுங்க என்றேன். ஒற்று சார் திருப்தியாக என் முதுகில் தட்டினார்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். ஒருங்கிணைப்பாளர், இன்னொரு விஷயம் என்றார். வெள்ளிக்கிழமை திறப்பு முடிந்ததும், சாயந்திரம் நாலு மணிக்கு, இரண்டாம் கட்ட நிதி திரட்டல் தொடங்குகிறது. போன தடவை மாதிரியே எல்லா எண்களுக்கும் பதிவு செய்த குரலில் அழைப்பு போகும். புதுப்பித்த எண் பட்டியல் நான் வியாழக்கிழமைக்குள் தர வேண்டும். இந்த முறை அழைப்பின் தொடக்கத்தில் என் மனைவியின் அந்த வாக்கியம் வரும். அவளுடைய குரல் அவர்களிடம் இல்லை. அதனால் குரல் கொடுக்கிற ஒரு பெண்ணை வைத்துப் பேசவைத்திருக்கிறார்கள்.

“கேட்டுப் பாருங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நிறுத்திடறேன்.”

போனை மேஜையில் வைத்து அழுத்தினார். மழைச் சத்தம். மூச்சு வாங்குகிற ஒரு பெண். எனக்கு வேண்டாம், மற்றவர்களுக்குக் கொடுங்கள். பிறகு, பழைய ஆண் குரல்: “வணக்கம். உங்கள் நகரம் உங்களை அழைக்கிறது.”

அந்த ஆண் குரலை எனக்குத் தெரியும். அந்தச் செய்தி எவ்வளவு நீளம் என்பதும் தெரியும்.

பேனாவை மூடினேன். அவள் இதைச் சொல்லவில்லை என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் ஒரு ஃபைலைத் திறந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கோபப்படவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஏழு மாதமாக எதுவும் சொல்லவில்லை, உங்கள் அத்தை வானொலிப் பேட்டியில்கூட இதைச் சொன்னார் என்றார். எல்லாம் உண்மை. ஆமாம் என்றேன்.

“சரி. அப்ப என்னதான் சொன்னாங்க?”

மூடிய பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஒற்று சார் சிவப்புப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். முதல் தடவையாக ஒரு தாளைப் படிக்காமல் மேஜையில் வைத்ததைப் பார்த்தேன்.

ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, குரல் பதிவுக்கு எப்படியும் அவள் அம்மாவின் ஒப்புதல் தேவை என்று ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். கீழே ஒரு கட்டம்: திருத்தம் இருப்பின் இங்கே எழுதவும். பெற்ற தாய் கையெழுத்துப் போட்டுத் திருத்தம் எழுதினால் கல்லையும் அழைப்பையும் நிறுத்தி மாற்ற முடியும். கணவர் மட்டும் சொன்னால், ஏழு மாதம் கழித்து ஏன் என்று மேலே கேட்பார்கள். கல் வெட்டுகிறவர் நாலு மணி வரை காத்திருப்பார் என்றார்.

வெளியே வந்ததும் ஒற்று சார் என் பின்னால் வந்தார்.

“மாத்தறதா இருந்தா மாத்திடலாம்பா. எனக்கென்ன. ஆனா அந்தம்மா அத வெச்சுத்தான் நடமாடிக்கிட்டு இருக்காங்க. யோசிச்சுக்கோ.”

யோசிக்க எனக்கு ஏழு மாதம் இருந்தது.

இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அத்தை சாப்பிட்டு முடித்து, மூடியில் வைத்த மாத்திரைகளில் கடைசி ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தார். கல் வெட்டியாகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். படிவத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். யாரோ ஒருத்தி அவளுக்காகக் குரல் கொடுத்திருப்பதைச் சொன்னேன். அவர் திருத்தம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

“இதுல என்ன எழுதணும்?”

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை அத்தை என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன்.

“எனக்கும் தோணிச்சு. ஸ்கூல்ல பென்சில்கூட யாருக்கும் குடுக்க மாட்டா. கூடப் பொறந்தது இல்லாததால இப்படி வளந்துட்டாளேன்னு நானே திட்டியிருக்கேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, சாகும்போதாவது மாறிட்டாபோலன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

பிறகு, நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். நான் எடுத்து வைத்திருந்த காகிதங்களைப் பீரோவிலிருந்து கொண்டுவந்தேன். அவள் எண்ணுக்கு அன்று வந்த, போன அழைப்புகளின் பட்டியல். நகராட்சிக் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டின் நகல் ஒரு பக்கம். இரண்டாம் மாதமே வாங்கிவிட்டேன். சட்டைகளுக்குக் கீழே வைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அன்று காலையே எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். வெள்ளம் புகுந்த வார்டுகளின் பட்டியலில் எங்கள் வார்டும் இருந்தது. நான் அவசர வேலை என்று அலுவலகம் போய்விட்டேன். அவள் வேலை செய்த கண்ணாடிக் கடைக்கு விடுமுறை; வீட்டில் இருந்தாள். தரைத்தளம். மாடிப்படிக்கு இரும்புக் கதவு, பூட்டு. சாவி வீட்டுக்காரரிடம், வீட்டுக்காரர் ஊரில் இல்லை. மூன்றரைக்கு ஏரிக்கரை உடைந்தது. பின்கட்டுத் தொட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு மூன்று ஐம்பதுக்குக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். முகவரியை எழுதிக்கொண்டு, படகுக்காரர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள், போனைக் கையிலேயே வைத்திருங்கள் என்றார்கள். நாலு மணி எட்டு நிமிஷத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். நாலு நிமிஷம் பேசினோம். போனில் சார்ஜ் நாலு சதவீதம் என்றாள்.

நாலு பன்னிரண்டுக்கு அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. நாற்பத்தேழு விநாடி.

நாலு பத்தொன்பதுக்குக் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. படகிலிருந்து அழைத்தோம். ஸ்விட்ச் ஆஃப். அடுத்த முகவரி.

அத்தை அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு, மேலே போய் நாலு பன்னிரண்டில் நிறுத்தினார்.

“இந்த நம்பர் யாருது?”

“அறக்கட்டளைது. பதிவு பண்ணின குரல். எல்லாருக்கும் போச்சு. வெள்ள நிவாரணத்துக்குப் பணம் குடுங்கன்னு.”

“தண்ணியில நிக்கறவகிட்டயா?”

“எல்லாருக்கும் போச்சு அத்தை.”

“அவ நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன். ஒப்பந்தம் அன்று பதினோரு மணிக்குக் கையெழுத்தானது. பன்னிரண்டு மணிக்கு எண்களைக் கேட்டார்கள். வரிப் பதிவிலிருந்து மொத்தமாக எடுத்து, ஒரு மணிக்கு அனுப்பினேன். தண்ணீர் வரிக்கு அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். வெள்ளம் புகுந்த வார்டுகளை எடுத்துவிட இரண்டு நிமிஷம் போதும். ஒரு பொத்தான்தான். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அனுப்பிய பிறகு, சீக்கிரம் முடித்துவிட்டாய் என்று பாராட்டினார்கள்.

வெளியே தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுப் போனார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் ஓரத்தில் எறும்பு வரிசை போனது.

“அந்தச் செய்தி மொத்தம் எவ்ளோ நேரம்?” என்றார்.

“நாற்பத்தேழு விநாடி.”

“அப்ப முழுசாக் கேட்டிருக்கா.”

“ஆமா.”

“யாராவது பேசுவாங்கன்னு.”

பதிவேட்டுத் தாளை மடித்தேன்.

மணி மூன்று பத்து. அத்தை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் இனி என் வீட்டில் இருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. மறுபடி உட்கார்ந்தார். பர்ஸைத் திறக்கவில்லை. படிவத்தை மடியில் ஒரு தட்டின் மேல் வைத்துக்கொண்டு பேனா கேட்டார். கொடுத்தேன். கையெழுத்தை முதலில் போட்டார். பிறகு, பேனாவைத் திருத்தக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“அவ உங்ககிட்ட கடைசியாச் சொன்னத சொல்லுங்க. எழுதறேன்.”

நான் தயங்கினேன். அத்தை முன்னால் அவள் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவாள். அது வேறு, தனியாக இருக்கும்போது வேறு. கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். போனில் அன்று தனியாக இருந்தாள். அவர்களிடம் கொடுக்கிற தாளில் அதை எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

“எப்படிச் சொன்னாளோ அப்படியே. கூட்டாம, கொறைக்காம.”

சொன்னேன். அத்தை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

“வைடா, வேற கால் வருது. அவங்கதான் போல.”